குழந்தைகளுக்கு வில்வித்தை: எந்தப் பயிற்சிக் கருவியை முதலில் கொடுப்பது, எப்போது கழற்றுவது

முதல் நாளே வில்லையும் அம்பையும் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கண்ணும் மனமும் இலக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். எப்படி நிற்பது, தோளை எங்கே வைப்பது, விரலை எப்படி மடக்குவது என்று அதற்குப் பிறகு சொல்லும் எதுவும் காதில் ஏறாது. அம்பு எப்படியாவது பட்டால் போதும் என்று கழுத்தை வளைத்து, கையால் மட்டும் இழுத்து, பட்டென்று விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்தில் அது பழக்கமாகிவிடும். அதை மாற்ற ஆறு மாதம் ஆகலாம்.

அதனால்தான் கயிறு, ரப்பர் பட்டை, ஷூ லேஸ் போன்ற சாதாரணப் பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலைதான் உண்டு. அந்த வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கீழே உள்ள வரிசை 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், பார்வை ஊசி தவிர வேறெதுவும் மாட்டாத ரிகர்வ் வில்லுக்கும் (முனைகள் இலக்குப் பக்கம் வளைந்த வில்) பொருந்தும்.

## 1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

ஒரு பிள்ளைக்கு: 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள, நீளாத கயிறு 2 மீட்டர். உடற்பயிற்சிக்கு விற்கும் ரப்பர் பட்டையில் மிக மெல்லிய ரகம் ஒன்றரை மீட்டர். ஒரு ஷூ லேஸ். விரல் காக்கும் ஃபிங்கர் டேப் (finger tab, ஒட்டும் டேப் அல்ல), முன்கை காக்கும் ஆர்ம் கார்டு.

பொதுவாக: ஆள் உயரக் கண்ணாடி, தரையில் ஒட்டும் டேப், ஒரு விசில், பலூன்கள், குண்டூசி, ஒட்டும் ஃபோம் பட்டை, பழைய செய்தித்தாள்.

வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை 10 முதல் 14 பவுண்டுக்குள் இருக்கட்டும். சில மாதத்தில் வளர்ந்துவிடுவார்கள் என்று 20 பவுண்டு வில் வாங்கிவிடாதீர்கள். கனமான வில்லை இழுக்க முடியாதபோது பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்க்கும், தோளைக் காதுவரை தூக்கும். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. 21 அங்குலம் இழுக்கும் பிள்ளையின் விரலுக்கு அதைவிடக் குறைவாகவே வரும். அதைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம், அந்த வயதுக்கு அது போதும்.

ஒரு சோதனை: அம்பு இல்லாமல் வில்லை முழுதாக இழுத்து 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். இப்படி மூன்று முறை கை நடுங்காமல் செய்ய முடியாவிட்டால் வில் கனம்.

## 2. இடமும் விசிலும்

எய்யும் கோடு ஒன்று, அதற்கு 4 அல்லது 5 மீட்டர் பின்னால் காத்திருக்கும் கோடு ஒன்று. இரண்டையும் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். வாயால் சொல்லும் எல்லை பிள்ளைகளுக்கு நிற்காது. கண்ணுக்குத் தெரியும் எல்லை நிற்கும்.

இலக்குக்குப் பின்னால் அம்பைத் தடுக்கும் வலையோ, யாரும் வர வழியில்லாத மேடோ இருக்க வேண்டும். 12 பவுண்டு வில்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. மேல்நோக்கி விட்டால் அந்த வில்லின் அம்பும் 50 மீட்டருக்கு மேல் போகும்.

போட்டிகளில் உள்ள விசில் முறையையே முதல் நாளிலிருந்து பழக்குங்கள். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம். ஒன்று ஊதினால் எய்யலாம். மூன்று ஊதினால் போய் அம்பு எடுக்கலாம். ஐந்து அல்லது அதற்கு மேல் விடாமல் ஊதினால் இருந்த இடத்திலேயே நிறுத்தி, இழுத்ததை இறக்கி, அம்பைக் கழற்ற வேண்டும். வில் இல்லாமலே இந்த நான்கையும் விளையாட்டாகப் பழக்கலாம். ஐந்து விசிலைச் சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது ஊதிப் பாருங்கள். அது பழகாத கூட்டத்தின் கையில் அம்பு தரக் கூடாது.

## 3. எந்தக் கண், எந்தக் கை

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண ஓட்டை அமைக்கச் சொல்லுங்கள். அதன் வழியே உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். ஓட்டைக்குள் உங்களுக்குத் தெரியும் கண்தான் பிள்ளையின் ஆதிக்கக் கண். மூன்று முறை பாருங்கள். சில பிள்ளைகள் கையை முகத்தருகே இழுத்துக் கண்ணை மாற்றிவிடுவார்கள்.

வலது கண் என்றால் வலது கையால் நாண் இழுக்கட்டும். கண்ணும் பழக்கக் கையும் வேறுவேறாக இருந்தால், தொடக்கநிலைப் பிள்ளைக்குக் கண்ணின் பக்கமே போவது நல்லது. இடது கண் ஆதிக்கமுள்ள பிள்ளை வலது கையால் இழுத்து, இரு கண்ணும் திறந்து எய்தால் அம்புகள் இடப்பக்கமே போகும். ஏன் என்று புரியாமல் நீங்கள் அதன் கையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இனி வரும் எல்லாமே வலது கையால் இழுப்பவருக்கான விளக்கம். இடது கைக்காரருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## 4. இழுப்பு நீளமும் அம்பு நீளமும்

இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 135 செ.மீ. வந்தால் இழுப்பு நீளம் ஏறக்குறைய 54 செ.மீ., அதாவது 21 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும்.

அம்பு இதைவிடக் குறைந்தது 3 அங்குலம் நீளமாக இருக்கட்டும். பிள்ளைகளின் இழுப்பு ஒவ்வொரு அம்புக்கும் மாறும், உயரமும் கூடும். குட்டையான அம்பு முழு இழுப்பில், வில்லில் அம்பு உட்காரும் தாங்கியைத் தாண்டி உள்ளே விழுந்தால், விடும்போது அது வில் பிடித்த கையைக் குத்தும். நீளமான அம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

## 5. தரைக் கோடும் கண்ணாடியும்: வெறுங்கைப் பயிற்சி

எய்யும் கோட்டின் இரு புறமும் பாத வடிவில் டேப் ஒட்டுங்கள். கோடு இரு பாதங்களுக்கும் நடுவில் வரவேண்டும், பாதங்களுக்கு இடையே தோள் அகலம் வேண்டும். இடது தோள் இலக்கைப் பார்க்கட்டும்.

முகம் கண்ணாடிக்கு நேராக வரும்படி நிறுத்தி, பிள்ளை தன்னைத் தானே பார்க்கும்படி செய்யுங்கள். இரு கைகளையும் விரித்து ஆங்கில எழுத்து டி போல நிற்கட்டும். பிறகு இலக்கு இருக்கும் பக்கம் தலையை மட்டும் திருப்பி, வலது கையை மடக்கிச் சுட்டுவிரலை வாயோரத்தில் வைக்கட்டும். அந்த இடத்துக்குத்தான் ஆங்கர் என்று பெயர். ஒவ்வொரு அம்புக்கும் கை அதே இடத்துக்கு வரவேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் மாறினாலும் இலக்கில் அது பெரிதாகத் தெரியும்.

கண்ணாடியில் இரண்டே விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, தலை நிமிர்ந்திருக்கிறதா. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் மூன்றும் போகும்.

## 6. கயிற்று வளையம்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய கருவி

ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதுகால் இழுப்பது என்றால் என்ன என்பதை வாயால் விளக்கவே முடியாது. கயிறு விளக்கிவிடும்.

கட்டும் முறை. நீளத்தைக் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டாம், பிள்ளையின் மேலேயே அளந்து கட்டுங்கள். பிள்ளை முழு இழுப்பு நிலையில் நிற்கட்டும். இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவட்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, மறுமுனையை வலது கையின் மூன்று விரல்களில் மாட்டி, வலது கை ஆங்கரில் இருக்கும்போது முடிச்சுப் போடுங்கள். கயிறு தொய்யாமலும் கையை இழுத்துப் பிடிக்காமலும் இருக்க வேண்டும். நழுவும் முடிச்சு கூடாது. போட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் வளையம் வளர்ந்துகொண்டே போகும்.

விரல் மாட்டுவது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும், முதல் மூட்டுக் கோட்டில். விரல் நுனியில் மாட்டினால் கயிறு நழுவும், உள்ளே தள்ளி மாட்டினால் விடும்போது சிக்கும். புறங்கை தட்டையாக இருக்கட்டும். அது மேடாக வளைந்திருந்தால் பிள்ளை மணிக்கட்டால் இழுக்கிறது என்று பொருள்.

செய்வது. கையை உயர்த்தி, ஆங்கருக்கு வந்து, இடது கையை இலக்கை நோக்கியும் வலது முழங்கையைப் பின்நோக்கியும் ஒரே நேரத்தில் நகர்த்த முயலட்டும். கயிறு நீளாது, அதனால் கை நகராது; தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகுத்தண்டை நோக்கி நெருங்கும். உங்கள் விரலை அந்த இரு எலும்புகளுக்கு நடுவில் வைத்து, 'இந்த விரலை நசுக்கு' என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் உடனே பிடிபடும்.

3 நொடி நசுக்கிய பிறகு, விரல்களைத் தளர்த்தட்டும். திறக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். கயிறு தானாக ஓடிவிடும்.

விடை எங்கே தெரியும். விட்டவுடன் வலது கை எங்கே போனது என்று மட்டும் பாருங்கள். கழுத்தை உரசிக்கொண்டு காதுக்குக் கீழே பின்னால் போனால் முதுகு வேலை செய்தது. இருந்த இடத்திலேயே நின்றால் அது வெறும் பிடி, இழுப்பு இல்லை. முன்னால் போனால் விடுவதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. முகத்தை விட்டு வெளிப்பக்கம் பறந்தால் கையால் பறிக்கிறது. வில்லில் இதே தவறு நடந்தால் அம்பு இடப்பக்கம் விலகும்.

ஒரு தடவைக்கு 10, நடுவே ஓய்வு, மொத்தம் 30 போதும். பத்தில் எட்டு முறை கை கழுத்தை உரசிப் போகும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு போதும், சிலருக்கு நான்கு ஆகும். வேகமாகக் கற்றவரை மட்டும் முன்னால் அனுப்புவதில் தவறில்லை. மெதுவானவரைக் கூடவே தள்ளிவிடுவதுதான் தவறு.

இங்கே புதிய பயிற்சியாளர்கள் தவறுவது பெரும்பாலும் வளையத்தின் அளவில். நண்பனுக்குக் கட்டியதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால், நீளமான வளையத்தில் கை தாடையைத் தாண்டிப் போகும், குட்டையானதில் முகத்துக்கு முன்னாலேயே நிற்கும். வளையத்தில் பெயர் எழுதிய டேப் ஒட்டிவையுங்கள்.

## 7. ரப்பர் பட்டை: இழுக்கவும், அதைவிட முக்கியமாக இறக்கவும்

கயிற்றில் எதிர்ப்பு கடைசியில்தான் வரும். வில்லில் அது தொடக்கத்திலிருந்தே கூடிக்கொண்டே போகும். அந்த வித்தியாசத்தைப் பழக்குவதற்குப் பட்டை.

பட்டையை வளையமாகக் கட்டி, கயிற்றைப் போலவே பிடிக்கட்டும். இழுத்து ஆங்கருக்கு வந்து 5 நொடி, பிறகு வந்த வழியே மெதுவாக இறக்கி 10 நொடி ஓய்வு. இப்படி 8 முறை.

பட்டையை ஒருபோதும் விடக் கூடாது. கயிறு விடுவதற்கு, பட்டை இறக்குவதற்கு என்று பிள்ளை மனதில் பதியட்டும். இழுத்ததைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாத பிள்ளை, யாராவது குறுக்கே வந்தாலும் பதற்றத்தில் அம்பை விட்டுவிடும். இறக்குவது தோல்வி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: சரியாக அமையாத இழுப்பை இறக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கும் பிள்ளையை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் பட்டையை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். சிறு கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். அறுந்தால் அது முகத்தை நோக்கித்தான் வரும்.

## 8. வில் பிடிக்கும் கை: பேனாக் கோடும் ஷூ லேஸும்

வில்லுக்கு முன் ஒரு சுவர்ப் பயிற்சி. இடது உள்ளங்கையைத் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, கையை நகர்த்தாமல் முழங்கையை மட்டும் சுழற்றச் சொல்லுங்கள். முழங்கை மடிப்பு வானத்தைப் பார்ப்பதிலிருந்து மாறி, செங்குத்தாக நிற்க வேண்டும். இது வராதவர்களின் முன்கையில்தான் நாண் அடிக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட பிள்ளை அடுத்த பத்து அம்புக்கும் கையை இழுத்துக்கொள்ளும். ஆர்ம் கார்டு வலியைக் குறைக்கும், காரணத்தைப் போக்காது.

அடுத்து, உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டைச் சுற்றி ஓடும் ரேகை மேல் பேனாவால் கோடு போடுங்கள். வில்லின் கைப்பிடி கோட்டுக்குக் கட்டைவிரல் பக்கம் மட்டும் பட வேண்டும். விரல் முட்டிகள் வில்லுக்கு 45 பாகை சாய்வில் நிற்கும்.

இவ்வளவு சொன்னாலும் பிள்ளை வில்லை இறுக்கிப் பிடிக்கும், கீழே விழுந்துவிடும் என்ற பயம்தான் காரணம். இறுக்கினால் விடும் கணத்தில் வில் திரும்பி அம்பு பக்கவாட்டில் சிதறும். பயத்தைப் போக்குவது ஷூ லேஸ். ஏறக்குறைய 50 செ.மீ. லேஸின் இரு முனையிலும் சிறு வளையம் போட்டு, ஒன்றைக் கட்டைவிரலிலும், கைப்பிடிக்கு முன்புறமாகச் சுற்றி மற்றதைச் சுட்டுவிரலிலும் மாட்டுங்கள். வில் 2 அல்லது 3 செ.மீ. முன்னால் துள்ள இடம் இருக்கட்டும். லேஸ் இறுக்கமாக இருந்தால் இறுக்கிப் பிடித்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நீங்களே பிள்ளையின் கையில் வில்லைத் தட்டித் தள்ளி, லேஸ் தாங்குவதைக் காட்டுங்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் தளரும்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) பிளக்கலாம், நாண் அறுந்து தெறிக்கலாம். அம்பு இல்லாத வில்லில் இழுப்பதும் இறக்குவதும் மட்டும்தான்.

## 9. முதல் அம்பு: 3 மீட்டரில், இலக்குத் தாள் இல்லாமல்

அம்பு குத்தி நிற்கும் பொதிக்கு முன்னால் 3 மீட்டரில் பிள்ளையை நிறுத்துங்கள். வட்டம், புள்ளி எதுவும் ஒட்டாதீர்கள். வட்டத்தைப் பார்த்த கணமே கயிற்றில் கற்றதெல்லாம் மறந்துபோகும்.

நாணில் அம்பு மாட்டும் இடத்தைப் பளிச்சென்ற நூல் சுற்றி அடையாளப்படுத்துங்கள். அம்பின் மூன்று இறகுகளில் நிறம் வேறான ஒன்று வில்லுக்கு எதிர்ப்பக்கம், அதாவது பிள்ளையின் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டியதும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் மூன்று விரலையும் அம்புக்குக் கீழேயே வையுங்கள். அம்பை விரலிடுக்கில் கவ்வினால், இழுக்கும்போது அது தாங்கியை விட்டு விலகி விழும். தொடக்கநிலை வகுப்பில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அப்போது பிள்ளைகள் இடது சுட்டுவிரலால் அம்பைத் தாங்கப் பார்ப்பார்கள். உடனே நிறுத்துங்கள், இறகு விரலைக் கீறும்.

எய்த பிறகு அம்பு பொதியைத் தொடும்வரை அசையாமல் நிற்பதே இந்தக் கட்டத்தின் பாடம். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கும்போது இடது கை தாழும், அம்பும் தாழும். வில்லுக்கும் கயிற்றுக்கும் மாறி மாறிப் போங்கள்: 3 முறை கயிறு, 3 அம்பு, மறுபடி 3 முறை கயிறு. கயிற்றில் சரியாக வந்தது வில்லில் வராவிட்டால் வில் கனமாக இருக்கிறது, அல்லது பிள்ளை களைத்துவிட்டது.

## 10. இலக்கு: பெரியதிலிருந்து சிறியதற்கு

முதலில் முழுச் செய்தித்தாள் ஒன்று, 5 மீட்டரில். பிறகு அதைப் பாதியாக மடியுங்கள், பிறகு கால்வாசி. தூரத்தைக் கூட்டுவதற்கு முன் இலக்கைச் சுருக்குவது பிள்ளை எய்யும் முறையைக் கெடுக்காது. 6 அம்பும் 25 செ.மீ. வட்டத்துக்குள் தொடர்ந்து இரண்டு சுற்று விழுந்தால் 2 மீட்டர் பின்னால் போகலாம்.

மதிப்பெண் எழுத வேண்டாம். அம்புக் கூட்டத்தைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, அந்த நீளத்தை வெட்டிப் பெயர் எழுதித் தொங்கவிடுங்கள். அடுத்த வாரம் நூல் குட்டையாகியிருந்தால் பிள்ளைக்கே தெரியும். ஓரத்தில் சேர்ந்து விழுந்த ஆறு அம்பு, நடுவில் தற்செயலாகப் பட்ட ஒரு அம்பைவிட மேல் என்பது இதனால் புரியும்.

பலூன்கள் கடைசி 10 நிமிடத்துக்கு மட்டும். உற்சாகம் தரும், ஆனால் அவசரத்தையும் தரும்.

அம்புகள் சேர்ந்து விழத் தொடங்கிய பிறகு ஒரு பார்வை ஊசி வைக்கலாம். இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் வில்லின் மேல் 10 செ.மீ. ஃபோம் பட்டையை ஒட்டி, குண்டூசியின் தலை இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் குத்துங்கள். கூர்முனை வெளியே வந்தால் டேப்பால் மூடுங்கள். அம்புகள் எந்தப் பக்கம் விலகிச் சேர்கின்றனவோ, ஊசியையும் அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். மேலே விழுந்தால் மேலே, இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம். சிதறி விழும் அம்புகளுக்கு ஊசியை நகர்த்துவதில் பயனில்லை.

அம்பு பிடுங்கும்போது ஒரு கை பொதியை அழுத்த, மறு கை அம்பைப் பொதிக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கட்டும். பிடுங்குபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் காயம் படுவது எய்யும்போதுதான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்; அம்பின் பின்முனை கண் உயரத்தில்தான் நிற்கும். பொதியை நோக்கி ஓடவும் விடாதீர்கள்.

## 11. எந்தக் கருவி, எவ்வளவு நாள்

கண்ணாடி முதலில் போகும். தோள் தானாக மட்டமானதும் தேவையில்லை. கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் அதுவே புதுத் தவறாகிவிடும். பாத டேப்பை அழித்துவிட்டு, பிள்ளை தானாக நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். பழைய இடத்தோடு பொருந்தினால் டேப் முடிந்தது. பேனாக் கோடு இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மேல் வேண்டாம்.

ஷூ லேஸ் மட்டும் நிலையாக இருக்கலாம். தேர்ந்த வீரர்களும் இதைப் போன்ற விரல் கயிறு பயன்படுத்துகிறார்கள். கயிற்று வளையம் ஒவ்வொரு நாளும் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியாகத் தொடரட்டும்.

ஒரு வகுப்பு 45 நிமிடம். அதில் 10 நிமிடம் கயிறும் பட்டையும், 25 நிமிடம் வில், மீதி விளையாட்டு. 30 முதல் 40 அம்பு தாண்டினால் ஆங்கர் நழுவத் தொடங்கும், கழுத்து முன்னால் வரும். எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்; களைப்பில் எய்யும் அம்பும் பழக்கமாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை விரிப்பை மறுபடி அளந்து, வளையத்தைப் புதிதாகக் கட்டுங்கள். கை விரிப்பு 5 செ.மீ. கூடினால் இழுப்பு 2 செ.மீ. கூடும். பழைய வளையம் அப்போது கையை ஆங்கருக்கு வரவிடாது. அதே நாளில் அம்பு நீளத்தையும் சரிபாருங்கள். இழுப்புக்கு மேல் 2 அங்குலத்துக்கும் குறைவாக மிஞ்சினால் அந்த அம்புகளைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நீளமானவற்றை மாற்றுங்கள்.